சல்மேலா காவல்

"மறுபடியும் தொட்டிருக்கான்!"

எய்னரி சல்மேலா போட்ட சத்தத்தில், ஔலு நகரத்து அந்தச் சின்ன அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பினார்கள். அவர் கையில் காபிக் கோப்பை. எதிரே கணினி கறுத்துக் கிடந்தது. திரை நடுவில் ஒரே வரி: 'கெர்னல் தொடப்பட்டது. இயந்திரம் நிறுத்தப்பட்டது.'

அந்த வரியை எழுதியவரே அவர்தான். கணினியின் எல்லா வேலைகளையும் உள்ளிருந்து ஆட்டிவைப்பது கெர்னல். அது ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும், அந்த நொடியே இயந்திரத்தை நிறுத்திவிடும் காவல் நிரல் ஒன்றை ஒன்பது வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தார். பெயர், சல்மேலா காவல். வேறு பெயர் எப்படி வைப்பார்? தாத்தா தோர்னியோ எல்லையில் சுங்கக் காவலர். அப்பா வங்கிப் பெட்டக அறைக்குக் காவலர். மூன்று தலைமுறையில் ஒருவரையும் அசந்த நேரம் பார்த்து யாரும் ஏமாற்றியதில்லை.

பகல் இரண்டு மணிக்குத் துறைமுக நிர்வாகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் கரையோரத்துத் துறைமுகக் கணினிகள் எல்லாவற்றிலும் சல்மேலா என்ற பெயர் ஏறும். பிடிக்காவிட்டால் ஒன்பது வருட உழைப்பை மூட்டைகட்ட வேண்டியதுதான். தான் உடுத்தாததைப் பிறருக்கு விற்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் இன்று காலைதான் முதல்முறையாக அதைத் தன் சொந்த மேசைக் கணினியில் ஏற்றினார். ஏற்றிவிட்டுக் காபி எடுக்கப் போனார். திரும்புவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பிவிட்டு, படபடப்பு அடங்க இன்னொரு காபிக்குப் போனார். இது இரண்டாவது முறை.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்..." என்று பக்கத்து மேசை ரீக்கா எழுந்தாள்.

"அப்புறம் சொல்லும்மா. வெளியிலேர்ந்து எவனோ நுழையுறான்." இணையக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுக் கணினியைக் கிளப்பினார்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, வெற்றியைக் கொண்டாட மூன்றாவது காபிக்குப் போனார். வந்து பார்த்தால், அதே வரி.

சல்மேலா மெல்ல நிமிர்ந்தார். கம்பி இல்லை. அப்படியென்றால் கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். கணினியை மறுபடி கிளப்பிவிட்டுக் கத்தினார்.

"எல்லாரும் சமையலறைக்கு வாங்க!"

சமையலறைச் சுவரில் அலுவலகத்தின் பழைய சட்டம் ஒட்டியிருந்தது. திரையைப் பூட்டாமல் எழுந்துபோகிறவருடைய கணினியிலிருந்து, 'நாளைக்கு எல்லாருக்கும் நான் புல்லா கொண்டுவருகிறேன்' என்று யார் வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம். மறுநாள் அவர் ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியைத் தட்டு நிறைய ஏந்தி வந்தாக வேண்டும். கீழே, அப்படி ஏந்தியவர்களின் பட்டியல். ரீக்கா பெயர் ஏழு தடவை. கட்டடக் காவலாளி ஐமோவுக்குக் கணினியே இல்லை. இரவல் கணினியில் மாட்டிக்கொண்டு அவர் பெயரும் ஒரு தடவை ஏறியிருந்தது. சல்மேலா என்ற பெயர் மட்டும் இல்லை.

அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்றுதான் அவர் பேசினார்.

"ஒன்பது வருஷமா இந்தக் காகிதத்துல என் பேர் ஏறுனதில்ல. ஏன்? பூட்டுறது எங்க ரத்தத்துலயே ஊறிப்போச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானே பூட்டிக்கிற வசதியைக்கூட நான் அணைச்சுத்தான் வச்சிருக்கேன். அதெல்லாம் மறதிக்காரங்களுக்கு. இப்பேர்ப்பட்டவன் மெஷின்லயே ஒருத்தன் கை வைக்கிறான்னா, அவனுக்கு என்ன துணிச்சல்!"

"ஐயா, அதைத்தான் நான்..."

"குறுக்கே பேசாத ரீக்கா! ஒருத்தரும் நகரக்கூடாது. எல்லாரும் என் கண்ணு முன்னாடியே இருங்க."

கால் மணி நேரம் எல்லாரையும் நிற்கவைத்துவிட்டு மேசைக்குப் போய்ப் பார்த்தார். கணினி நின்றிருந்தது. திரும்பி வந்து சொன்னார்.

"எல்லாரும் இங்கதானே நின்னோம்?" என்றார் ஐமோ, தாடியைச் சொறிந்தபடி. "பேய் வந்து தட்டியிருக்குமோ?"

"பேய் இல்ல, போன்! எவனோ போன்லயே ஏதோ பண்றான். எல்லாப் போனையும் இதுல போடுங்க!"

கூடை நிறையப் போன்களை வாங்கிக்கொண்டு, அலைகூட நுழையாத தடித்த கதவுள்ள இடம் எது என்று யோசித்தார். இருக்கவே இருக்கிறது, அலுவலகத்து நீராவிக் குளியலறையான சவுனா. கூடையை மேல்பலகையில் வைத்துச் சாத்திவிட்டு வந்தார்.

கணினியைக் கிளப்பிவிட்டு, இந்த முறை காபி வேண்டாம் என்று முடிவு செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கழிப்பறைக்கும் போகவில்லை. பன்னிரண்டு மணி, ஒரு மணி, ஒன்றரை. கணினி கம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? சல்மேலா உக்காந்த இடத்துக்குக் கள்ளன் வரமாட்டான்."

"ஐயா, நீங்க உக்காந்திருக்கிறதாலதான்..." ரீக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்!"

ஐமோ வியர்த்துப்போய் ஓடிவந்தார். "சவுனாவுல யாரு கூடை வச்சது? விருந்தாளிங்களுக்காகப் பன்னெண்டு மணிக்கே அடுப்பு போட்டுட்டேனே! போனெல்லாம் தொட முடியாம கொதிக்குது. ரெண்டு போன் உப்பிப்போய்க் கிடக்குது!"

அவர் முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. துறைமுக நிர்வாகத்து ஹக்கரைனன் அம்மையார் கம்பளிக் கோட்டில் பனியைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். விருந்தாளியை உட்கார்ந்தபடி வரவேற்கும் பழக்கமும் அந்தக் குடும்பத்தில் இல்லை. சல்மேலா எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், வாசல்வரை நடந்து போய்க் கைகொடுத்தார்.

முதுகுக்குப் பின்னால் 'பீப்' என்று ஒரு சத்தம்.

அம்மையார் மேசைக்குப் போய்த் திரையைப் படித்தார். காவல் நிரலின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் வரிவரியாகப் பார்த்தார். சல்மேலாவின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"ஒரே நாள்ல அஞ்சு தடவை கெர்னலைத் தொட்டிருக்காங்க. அஞ்சு தடவையும் உங்க காவல் பிடிச்சிருக்கு," என்றார் அம்மையார். "இதைவிட நல்ல சோதனையை நானே வச்சிருக்க முடியாது. தொட்டது யாருன்னு மட்டும் காட்டுங்க, இங்கயே கையெழுத்துப் போடுறேன்."

சல்மேலாவுக்கு உயிர் திரும்பியது. பதினோரு பேரையும் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"கேட்டீங்களா? யாரா இருந்தாலும் இப்பவே முன்னாடி வரணும். இன்னியோட அவங்களுக்கு இங்க வேலை கிடையாது. இல்லன்னா இந்த நிரல்லேர்ந்து என் குடும்பப் பேரை நானே எடுத்துடுறேன்!"

ரீக்கா ஓரடி முன்னால் வந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நான்தான், ஐயா. ஒன்பது வருஷம் முன்னாடி உங்க மெஷின் கெர்னல்ல சின்னதா ஒண்ணு ஒளிச்சு வச்சேன். உங்க கழுத்து அட்டை பத்தடி தள்ளிப் போனா அது கெர்னல்ல ஒரு வரியை மாத்தி திரையை மூடிடும். நீங்க திரும்பி வந்தா பழையபடி திறந்துடும். இத்தனை நாள் அதைப் பிடிக்க உங்க மெஷின்ல காவல் இல்ல. காலையிலேர்ந்து அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"என் திரையை மூட நீ யாரு?" சல்மேலா கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டார். "யார் சொல்லி இதைச் செஞ்ச?"

ரீக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். கருகிய கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஐமோதான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சொன்னோம், ஐயா. அந்தச் சமையலறைக் காகிதத்துல உங்க பேரை ஏத்த எங்களுக்கு மனசு வரல. நீங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தாத்தா, அப்பான்னு அவ்வளவு பெருமையா பேசிட்டு, திரையைப் பூட்டாமலே காபிக்குப் போனீங்க."