வெந்நீர் வரிசையில் அம்பலவாணர்

ஒரு காட்டில், செல்பேசிக் கோபுரம் முளைத்த பின்னும் முறை தவறாமல் பொழுது விடிந்துகொண்டிருந்த ஒரு காட்டில், அம்பலவாணர் என்றோர் ஆமையார் வாழ்ந்து வந்தார். நாள்தோறும் குளத்தில் மூழ்கி எழுந்து, நெற்றியில் நீறணிந்து, தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு தியானத்தில் அமர்வது அவர் வழக்கம். ஐம்புலன்களையும் அடக்கிவிட்டதாக அவர் நம்பினார். உள்ளே பெரும்பாலும் உறங்கிவிடுவார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி.

அவருக்கு ஒரே பேத்தி, உமையாள். காட்டின் மறுகோடியில் உள்ள கல்லூரியில் படித்தாள், விடுதியில் தங்கியிருந்தாள். தீபாவளிக்கு மறுநாளே தேர்வு என்பதால் ஆண்டுதோறும் திருநாளும் விடுதியிலேயே கழிந்தது. ஆகவே அம்பலவாணர்தான் பரிசுகளை அனுப்பி வந்தார். ஓராண்டு வலம்புரிச் சங்கு. அதில் பேனாக்கள் நின்றன. அடுத்த ஆண்டு சந்தனக் கல். அது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் காத்து வந்தது. பேத்தி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததுதான் கிழவரை அரித்தது. கண்ணை மூடுமுன் ஒரு முறையேனும் அந்தக் குழந்தைக்கு மெய்யாகவே உதவும் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். வீடுபேறு நீங்கலாக, அவர் இறைவனிடம் கேட்டது இது ஒன்றுதான்.

இம்முறை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டார்.

"அம்மா உமையாள், உனக்கு உபயோகமாக என்ன கொண்டுவரட்டும்?"

"ஒண்ணும் வேணாம் தாத்தா. நீங்க வந்தா போதும். ரொம்ப ஆசையா இருந்தா ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிட்டு வாங்க. என்னோடதை வார்டன் பறிமுதல் பண்ணிட்டாங்க."

அம்பலவாணர் திடுக்கிட்டார். திருநாளும் அதுவுமாகப் பேத்திக்குப் பிளாஸ்டிக் வாளியா? இருந்தாலும் காக்கையின் கடைக்குப் போய் விசாரித்தார்.

"பக்கெட், மக்கு, துணிக் கிளிப்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்," என்றது காக்கை. "ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு இதுதான் சாமி ஓடுது."

"ஆன்மாவுக்கு உதவும் பொருள் ஏதும் இல்லையா?"

"சோப்பு இருக்கு சாமி. சந்தன வாசனை."

அவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். அன்றே தம் பரிசைத் தெரிவு செய்தார்: பழம்பதிகங்களுக்குத் தாமே உரை எழுதித் தாமே அச்சிட்ட தொகுதிகள். அவை விற்காமல் வீடு நிறையக் கிடந்ததற்கும் இந்தத் தெரிவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று தமக்குத் தாமே உறுதி கூறிக்கொண்டார். தொகுதிகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆடியில் புறப்பட்டவர், ஐப்பசியில், தீபாவளிக்கு முதல்நாள் மாலை, விடுதி வாயிலை அடைந்தார். ஆண்களுக்கு அனுமதி இல்லாத இடம் அது. ஆயினும் வார்டனாகிய காட்டெருமை அம்மாள், அவருடைய வயதையும் வேகத்தையும் கருத்திற்கொண்டு, தாழ்வாரத்தில் தங்கிக்கொள்ள இசைந்தார்.

உமையாள் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அறைத்தோழி செவந்தி, துறுதுறுவென்ற அணிற்பெண், கட்டை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். கிழவர் தாழ்வாரம் சென்று நீறணிந்து அறை வாசலுக்குத் திரும்புவதற்குள், ஆடிக்கொண்டிருந்த கட்டில் ஆடாமல் நின்றது.

அம்பலவாணர் கட்டிலின் காலடியை உற்று நோக்கினார். "அது எத்தனையாவது தொகுதி, அம்மா?"

"முதலாவது தாத்தா," என்றாள் செவந்தி. "உயரம் கனகச்சிதமா இருந்துச்சு. நீங்க அளவெடுத்தா எழுதினீங்க?"

உமையாள் தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க தாத்தா," என்றாள்.

"கடவுள் செயல்," என்றார் அவர்.

அப்போது செவந்தி வாளியின் கதையைச் சொன்னாள். விடுதி முழுமைக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்றே. யானைப்பெண் மாதங்கி முதலில் குளித்தால் பிறருக்குச் சொட்டும் மிஞ்சாது. ஆகவே பெண்கள் வாளியை வரிசையில் வைத்து இடம் பிடித்தனர். மாதங்கி இருட்டில் வாளிகளை மிதித்தாள், சண்டை மூண்டது. எந்தப் பாத்திரமும் இடம் பிடிக்கக் கூடாது, ஆள்தான் நிற்க வேண்டும் என்று வார்டன் ஆணையிட்டு, கிடைத்த வாளிகளை எல்லாம் தம் அறையில் பூட்டிவிட்டார். குளிக்கிறவர் குழாயடியிலேயே நின்று குளிக்க வேண்டியதாயிற்று.

"நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள மாதங்கி தலை துவட்டிக்கிட்டு இருப்பா," என்றாள் உமையாள். "எண்ணெயைத் தேய்ச்சுட்டு பச்சைத் தண்ணியை ஊத்திக்கணும். ரெண்டு வருஷமும் தும்மிக்கிட்டேதான் பரீட்சை எழுதினேன். போன தடவை ஒரு பேப்பர் போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா படிப்பை நிறுத்திட்டு ஊருக்கே வந்துட வேண்டியதுதான்."

அம்பலவாணருக்கு அன்று உறக்கம் பிடிக்கவில்லை. உரை நூல் சளியைத் தடுக்குமா என்று யோசித்துப் பார்த்தார். ஒரு பதிகம்கூட அவ்வாறு உறுதியளித்ததாக நினைவில்லை.

விடியுமுன் தியானத்திற்கு அமைதியான இடம் தேடி மெல்ல நகர்ந்தார். ஓரிடத்தில் தரை கதகதப்பாக இருந்தது. புகைபோல ஆவி சூழ்ந்தது. கருவறைதான் என்று அவர் மனம் கசிந்தது. கால்களையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மேலிருந்து இளஞ்சூடான துளிகள் ஓட்டின்மீது விழுந்தன. அபிஷேகம்! உருகினார், உருகிய சிறிது நேரத்தில் உறங்கினார். துளிகள் விழுந்தது ஒழுகிக்கொண்டிருந்த வெந்நீர்க் குழாயிலிருந்து.

துண்டும் எண்ணெயுமாக முதலில் வந்தவள் மாதங்கி.

"ஏய், யாருடி இங்க குண்டானைக் கவுத்து வச்சது?"

பின்னாலேயே ஓடிவந்த செவந்தி ஒரு கணம் விழித்தாள், மறுகணம் புரிந்துகொண்டாள். "குண்டான் இல்லடி. உமையாளோட தாத்தா. அவளுக்காக வரிசையில இருக்கார்."

"கதை விடாதே. மிதிச்சா தெரிஞ்சிடும்."

"மிதிச்சுத்தான் பாரேன். முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுறவ நீ!"

இரைச்சல் கேட்டு வார்டன் வந்தார். பாத்திரமா, ஆளா என்பதே வழக்கு. அம்மாள் குனிந்து ஓட்டின்மேல் கொம்பால் தட்டினார். கண கணவென்றது. மாதங்கி வெற்றியோடு தும்பிக்கையை உயர்த்தினாள்.

உள்ளேயிருந்து குழைந்த குரல் ஒன்று வந்தது: "இன்னும் சற்று நேரம், ஐயனே. இப்போதே அழைக்க வேண்டுமா?"

"பாத்திரம் பதில் பேசாது," என்று தீர்ப்பளித்தார் வார்டன். "ஆள்தான். உமையாளைக் கூப்பிடு. மாதங்கி, தள்ளி நில்லு."

உமையாள் எண்ணெய் சொட்டச் சொட்ட, தன் வேகத்தில், அவசரமில்லாமல் நடந்து வந்து ஆசை தீரக் குளித்தாள்.

அம்பலவாணர் தலையை நீட்டியபோது, பேத்தி புத்தாடையில், ஆவி பறக்க, தும்மாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா, இதுவரைக்கும் நீங்க குடுத்ததுலயே இதுதான் தாத்தா உபயோகம்!"

"உரையின் எந்தப் பகுதி, அம்மா?"

"உரை இல்ல தாத்தா. நீங்க."

வணங்குவதற்கு அவருடைய பாதங்களைத் தேடினாள். அவர் ஒவ்வொன்றாக வெளியே நீட்டிக் கொடுத்தார். கண்கள் நிறைந்தன. தம் வாழ்நாள் தவம் கனிந்துவிட்டது என்று தெளிந்து, திருவருளின் பெருமையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வாய் திறந்தார்.

"தாத்தா, நாளைக்கு எனக்கு," என்றாள் செவந்தி. "மத்தியானம் சும்மாத்தானே இருப்பீங்க? அப்படியே மெஸ் வரிசையில..."

அவர் ஊர் திரும்பவில்லை. இப்போது காலையில் குழாயடியிலும் நண்பகலில் உணவுக்கூட வாயிலிலும் தியானம் நடைபெறுகிறது. அவர் முதுகில் யாரோ சோப்புப் பெட்டி வைக்கிறார்கள். அதையும் அவர் அபிஷேகத்தில் சேர்த்துக்கொள்கிறார். உமையாள் தேறிவிட்டாள். மாதங்கி மட்டும் தன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து விம்மினாள்: "அப்பா, அடுத்த தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் வேணாம். எனக்கும் ஒரு ஆமைத் தாத்தா வாங்கிக் குடுங்க."

நீதி: விடுதியில் வாழும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள பரிசளிக்க விழைவோர் கடைக்குச் செல்ல வேண்டா, தம்மையே கொண்டுபோய்க் குழாயடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்க. உரைநூலும் உடன் கொண்டு செல்வோர், கட்டில் காலை முன்னதாக அளந்துகொள்க.