சம்பளமில்லாம கடல் தாண்டுன பவுடர் மச்சான்

காரைக்குடிப் பக்கத்துல இருந்து கடல் தாண்டுனவுக எல்லாம் சம்பாதிக்கத்தான் போனாக. சம்பளமே வேணாம்னு போன ஒரே ஆளு எங்க பவுடர் மச்சான்தான்.

மச்சான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்குறவரு. மூஞ்சியில பவுடர் போடாத ஆளப் படம் புடிக்கவே மாட்டாரு. பொண்ணு மாப்பிள்ளைய விடுங்க, பந்தியில சாம்பார் ஊத்துறவருக்கும் போடுவாரு. போட்டுட்டு, மோவாயத் தொட்டு "நாடியத் தூக்குங்க"ம்பாரு. கோவிலூர்க் கல்யாணத்துல மாட்டுக்கே பவுடர் போட்டாருன்னு சொல்லுவாக. அது பொய்யி. கன்னுக்குட்டிக்குத்தான் போட்டாரு, நான் பக்கத்துலதான நின்னேன்.

போன மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவரு எந்திரிக்கல. நான் எட்டாவதோட நின்னவன், எழுதிப் பழக்கமில்ல. இத எழுதயில அழுகையும் வருது, சிரிப்பும் வருது. ரெண்டுக்கும் அவருதான் காரணம்.

நெற்குப்பையில ஒரு கல்யாணத்துக்கு இலங்கையில இருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்துச்சு. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடமாம். "எங்க பிள்ளைகளுக்குக் கேமரா தந்திருக்காங்க, சொல்லிக் குடுக்கத்தான் ஆளில்ல. ஆனா சம்பளம்..."னு இழுத்துச்சு.

"எப்ப வரணும்?"னுட்டாரு மச்சான்.

அக்கா தலையில அடிச்சுக்கிருச்சு. "வெளிநாடு போறவுக அங்கருந்து பவுடர் டப்பா வாங்கியாருவாக. இவுக இங்கருந்து தூக்கிட்டுப் போறாக!"

"நீயும் வாடா மாப்ள, வீடியோ எடுக்க"ன்னாரு. போனேன். கொழும்பு ஏர்போர்ட்டுல பையத் தொறந்தா துணியவிட டப்பாதான் ஜாஸ்தி. ஆபீசர் வெள்ளையாக் கொட்டி மோந்து பாக்குறாரு, நம்பல. மச்சான் என்ன செஞ்சாரு தெரியுமா? பவுடர் ஒத்துற பஃப எடுத்து அவரு கன்னத்துலயே ஒரு ஒத்து ஒத்திட்டாரு. அந்தாளு செல்லுல மூஞ்சியப் பாத்தாரு. இங்குட்டுத் திரும்பிப் பாத்தாரு, அங்குட்டுத் திரும்பிப் பாத்தாரு. "சரி, போங்க"ன்னுட்டாரு.

மலைமேல பள்ளிக்கூடம். ஒழுகுற கூர, ஓட்ட சட்டைப் பிள்ளைக, சாரச் 'சேர்'ங்கும். மொதப் பாடமே பவுடர் போடுறதுதான். அப்புறம் வெளிச்சம், அப்புறம்தான் கேமரா. "வீட்டுல உள்ளவுகளப் படம் எடுத்துட்டு வாங்க"ன்னு ஆளுக்கொரு பொட்டலம் பவுடர் மடிச்சுக் குடுத்தனுப்புனாரு.

அந்தப் படத்த எல்லாம் ஹால்ல மாட்டி வச்சோம். தோட்டத்து ஆளுக வாரதுக்கு முன்னாடி, கேமரா குடுத்த சங்கத்துப் பெரியவரு வந்துட்டாரு. படம் நல்லா இருந்தா கேமரா பள்ளிக்கூடத்துக்கே சொந்தம், இல்லாட்டி திருப்பிக் கொண்டு போயிருவேன்னு முன்னமே சொன்னவரு.

பாத்தாரு. எல்லா அம்மாவும் கல்யாணச் சேல, மூஞ்சி பூராப் பவுடரு, நாடி வானத்தப் பாத்து நிக்கிது.

"இதுல கஷ்டம் எங்க தெரியுது? கஷ்டம் தெரிஞ்சாத்தான உதவி வரும்?"

"சார், கல்யாண வீட்டுல ஆயிரம் சண்ட நடக்கும். ஆல்பத்துல ஒட்டுவாகளா?"ன்னாரு மச்சான்.

"எல்லாத்தையும் கழட்டுங்க. கேமராவ எடுத்து வைங்க."

மச்சானோட நாடி தொங்குனத அன்னைக்குத்தான் பாத்தேன். செல்வின்னு ஒரு வாண்டு, கேமராவக் குடுக்க மனசில்லாம கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. மிச்சப் பவுடர அள்ளி மச்சான் மூஞ்சியில அப்புச்சு. "சேர், நாடியத் தூக்குங்க." டப்புன்னு ஒரு படம் எடுத்துருச்சு.

அந்நேரம் கொழுந்து பறிச்சு முடிச்ச பொம்பளைக கூட்டமா உள்ள வந்துட்டாக. செல்வியோட அம்மா தன் படத்தப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. "இது நானா?"ன்னுச்சு. அப்புறம் ஒரே ஓட்டமா வீட்டுக்கு ஓடி, அதே சேலையக் கட்டிக்கிட்டு வந்து படத்துக்குப் பக்கத்துல நின்னுச்சு, நாடியத் தூக்கிக்கிட்டு. பாத்தவுக விடுவாகளா? அத்தன பேரும் ஓடுனாக. கொஞ்ச நேரத்துல ஹால் பூராப் பட்டுச் சேல. சிரிப்புச் சத்தத்துல கூரத் தகரம் அதிருது.

பெரியவரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மொள்ள வந்து, "எனக்கும் கொஞ்சம் போடுங்களேன்"னாரு.

கேமரா பள்ளிக்கூடத்துலதான் இருக்கு.

செல்வி எடுத்த அந்தப் படத்துக்குத்தான் இப்ப மால போட்டிருக்கு. மச்சான் தனியா நிக்கிற படம் வேற கெடையாது. புருவத்துலயும் பவுடரு, மீசையிலயும் பவுடரு. துட்டி கேக்க, துக்கம் விசாரிக்க வாரவுக மொதச் சிரிச்சுட்டு அப்புறந்தான் அழுறாக.

அக்கா தெனமும் அந்தப் படத்துக் கண்ணாடியத் தொடைக்கும். மூஞ்சி இருக்க எடத்த மட்டும் தொடாது. பவுடரு போயிருமாம்.