ஞாயிற்றுக்கிழமைக் கறள்

கண்டி நகரத்தில் கறளை, அதாவது இரும்பில் பிடிக்கும் துருவை, நேசித்த ஒரே கார்க்காரர் இராஜரத்தினம்தான். அதற்குக் காரணம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் மனைவி லீலாதேவி கார் லைசன்ஸ் எடுத்துவிட்டார். அதுவும் முதல் தடவையிலேயே. இராஜரத்தினத்துக்கு மூன்று தடவை பிடித்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, தினமும் லீலாதேவி பேசுவதைத் தவிர.

இருபது வருடம் தன் கையில் இருந்த ஸ்டியரிங் போய்விடுமோ என்று அவர் பயந்தார். காப்பாற்றியது கறள்தான். சாரதி சீட் முன்னும் பின்னும் சறுக்கும் அடித் தண்டவாளம் கறள் பிடித்து, சீட் அவருடைய ஆறடிக்கு அளவாகப் பின்னால் இறுகிக் கிடந்தது. ஐந்தடி லீலாதேவி ஏறி உட்கார்ந்தால், பிரேக் காலுக்கு ஒரு சாண் அப்பால் நின்றது.

"எப்பயப்பா அந்தக் கறளை எடுக்கப்போறியள்?"

"அடுத்த ஞாயிறு பாப்பம்."

ஞாயிறும் வந்தது. கறள் தேய்க்கும் அரத்தாளோடு காருக்குள் புகுந்தவர், கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி பின்சீட்டின் இரும்பைத் தேய்தேய் என்று தேய்த்தார். முன்சீட்டுப் பக்கம் மறந்தும் கை போகவில்லை. நாலு ஞாயிறு இப்படியே போனது. பின்சீட்டு இரும்பில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போலிருந்தது.

"கறள் சீட்டில இருக்கோ, உங்கட மனசில இருக்கோ?"

"இது இரும்பு விசயம், லீலா. அவசரப்படக் கூடாது."

பிறகு கொழும்பில் ஒரு கலியாணம் வந்தது. முழங்கால் நோவு என்று லீலாதேவி வரவில்லை. ரயிலில் தனியாகப் போன இராஜரத்தினம் இரண்டு நாள் கழித்து கண்டி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், எதிரே அவருடைய கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் லீலாதேவி.

"இதென்ன லீலா! சீட் எப்பிடி முன்னால வந்தது?"

"நானும் பக்கத்து வீட்டு மஸீனாவும் நாலு போல்ட்டைக் கழட்டிச் சீட்டை வெளியில எடுத்தம். தண்டவாளத்தை ஒரு நாள் முழுக்க வினாகிரியில ஊறவச்சு, பிரஷால தேய்ச்சு, கழுவித் துடைச்சு, எண்ணெய் விட்டம். இப்ப வடிவாச் சறுக்குது."

"எந்தப் பிரஷால?"

"பல்லுப் பிரஷை மறந்து வச்சிட்டெல்லோ போனனீங்கள்."

"உம்மட முழங்கால் நோவு?"

"கறளோட அதுவும் போயிட்டுது."

இராஜரத்தினம் பல்லைக் கடித்தார். "சரி, இறங்கும். நான் ஓட்டுறன்."

லீலாதேவி மறுபேச்சில்லாமல் இறங்கினார். இராஜரத்தினம் ஏறினார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. சீட்டைப் பின்னால் தள்ள அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

"இதைத் தள்ளுற கைபிடி எங்க?"

"அதிலதான் கறள் ஆகக் கூடுதல். இன்னும் வினாகிரியில ஊறுது."

"எப்ப எடுத்துப் பூட்டுவீர்?"

"இது இரும்பு விசயமப்பா. அடுத்த ஞாயிறு பாப்பம்."

அவருக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் இறங்கிச் சுற்றிப் போய், இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

அங்கே சீட், அவருடைய காலுக்கு அளவாக, ஏற்கெனவே பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.