இருபது நிமிஷ நரம்பு

உலகத்தில் எத்தனையோ நோய் இருக்க, டைம்கீப்பர் சயாட்டிகா என்கிற நரம்பு வலியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் அது அவர் மனைவிக்கு வந்திருந்தது. இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் மாதிரி பாயும் என்று அவள் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. பொய் சொல்பவனுக்கு இதைவிட நல்ல நோய் அமையாது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடிக்குக் குடிபோகிறான். லிஃப்ட் இல்லாத கட்டடம். அவனிடம் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. செய்தவன் யானைக்கு அளவெடுத்துச் செய்திருப்பான் போல. அதே ஞாயிறு மத்தியானம் டிவியில் கிரிக்கெட் ஃபைனல். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, பஸ் டிப்போவிலிருந்து டைம்கீப்பர் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"இடுப்புலேருந்து சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குதுடி."

"அடப் பாவமே. மல்லாந்து படுங்க."

படுத்தார். முட்டி மடங்காமல் காலைத் தூக்கினாள். ஒரு சாண் உயருவதற்குள் அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"சயாட்டிகாவேதான். பீரோவுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லித் தம்பிக்குப் போன் பண்ணிடறேன்."

சனிக்கிழமை காலை, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் காலை எதிரே ஸ்டூலில் நேராக நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். அவள் காபி கொண்டுவந்தாள். காலைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமோ?

ஞாயிறு. மேட்ச் ஆரம்பித்தது. டிவி மேல் ஒரு சமையலறை அலாரத்தை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"எனக்கு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இந்த நரம்புக்கு ரொம்ப நேரம் உட்கார்றதுதான் எதிரி. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து தெருக்கோடி வரைக்கும் நடக்கணும்."

"படுத்துக்கிட்டே பார்க்கறேனே?"

"படுத்தே கிடந்தா இன்னும் இறுகிக்கும். நடங்க."

நடந்தார். பக்கத்திலேயே அவளும். வீட்டுக்கு வீடு உள்ளேயிருந்து கூச்சல். விக்கெட்டா, சிக்ஸரா? காலை எட்டிப் போட்டார்.

"மெதுவாங்க. நரம்பு பயந்துக்கும்."

விசில் ஊதியே பஸ்களை விரட்டிய மனுஷன், ஒரு பிளாஸ்டிக் அலாரத்துக்கு நடுங்கினார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு விக்கெட் போனது. ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. கடைசி ஆறு ஓவர் இருக்கும்போது அலாரம் மறுபடி அடித்தது.

"வேண்டாம்டி. வலி போயிடுச்சு."

"முழுசாவா?"

"துளிகூட இல்லை. இதோ பாரு." எழுந்து நின்று, பந்தை உதைப்பது போலக் காலை வீசிக் காட்டினார்.

அவள் போனை எடுத்தாள். "தம்பி, பீரோ கீழேதானே இருக்கு? மாமாவுக்குக் குணமாயிடுச்சு. இதோ வர்றார்."

"வேற ஆள் வரலையா?"

"நேத்து காபி கொடுத்த கையோட, வேண்டாம்னு சொல்லிட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "எப்படிடி கண்டுபிடிச்சே?"

"படுத்துக்கிட்டு ஒரு சாண் தூக்கினதுக்கு ஊரைக் கூட்டினீங்க. விடிஞ்சதும் அதே காலை ஸ்டூல்ல நீட்டிக்கிட்டு பேப்பர் படிச்சீங்க. ரெண்டுலயும் இழுபடறது ஒரே நரம்புதாங்க. நான் ஒரு மாசம் ஸ்டூல் பக்கமே போகலை."

இரண்டாம் மாடித் திருப்பத்தில், பீரோ தோளில் இருக்கையில், கட்டடமே அதிர ஒரு கூச்சல் எழுந்தது. ஜெயித்தது யார் என்று டைம்கீப்பருக்குத் தெரியவில்லை. தோற்றது யார் என்று தெரிந்தது.