கத்திரி மதாமின் பாய்மரக் கப்பல்

புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். கத்திரி மதாமால் ஒரு தடவையாவது தலைகுனிந்து நிற்காதவர் எவரும் கிடையாது. வெட்கம் என்பதைக் கடவுள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டபோது மதாம் தன் பங்கை வாங்கப் போகவே இல்லை. அதையும் சேர்த்து அக்கம்பக்கத்தார் நாங்கள் அனுபவித்தோம். பெரிய பங்கு எனக்கு வந்தது.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கத்திரி மதாம். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அதற்கு மேல் கறுப்புக் கயிற்றில் கோத்த கத்திரிக்கோல். பூசைக்குக் கோயிலுக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். கணவர் சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவரோடு ஊர் ஊராகக் கடல் கடந்து வாழ்ந்துவிட்டு, அவர் இறந்தபிறகு புதுச்சேரிக்குத் திரும்பி, நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் மாடியில் முன்பே குடியிருந்தார்.

நாங்கள் குடிபுகுந்த அன்று என் மனைவி கலா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மதாம் மாடியிலிருந்து இறங்கி நேராகக் கூடத்துக்குள் வந்து, பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

"போன்ழூர் முசியே. புஸ்தகம் நெறைய வந்து எறங்கிச்சே. மேலேர்ந்து பாத்தேன்."

எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. குடிவந்த முதல் நாளே ஒரு வாசகி!

மதாம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். பக்கத்தின் ஓரத்தை நாக்கால் நக்கிப் பார்த்தார்.

"இது ஆவாது. வழவழன்னு இருக்கு, பசை நிக்காது." அடுத்ததை நக்கினார். "இது பரவால்ல." மூன்றாவதை நக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "இது ரொம்ப நல்ல புஸ்தகம் முசியே. பழசு, சொரசொரன்னு இருக்கு. படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன்."

"அப்ப குடுங்க."

"எதுக்கு மதாம்?"

"படிச்சு முடிச்சது குளிச்ச தண்ணிதானே? திரும்ப எடுத்து மேல ஊத்திப்பீங்களா?"

அடுக்களையில் கலா சிரித்த சிரிப்பில் பால் தானாகப் பொங்கி வழிந்தது. அந்தப் புத்தகம் அன்றே மாடிக்குப் போனது.

மாடியில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். பழைய பேப்பர் கடைகளில் மூட்டை மூட்டையாகப் புத்தகம் வாங்குவார். வெட்டுவார், மடிப்பார், அடுக்குவார். மைதா பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டு, பலகைமேல் ஒட்டுவார். அதன்மேல் சாயம், கிழிந்த வலை, பொத்தான், சிப்பி, கையில் அகப்பட்டது எல்லாம் ஏறும். ஒரு பழைய சட்டப் புத்தகம் கலங்கரை விளக்கமாகும். ஒரு சமையல் புத்தகம் கொண்டைச் சேவலாகும். 'மிக்ஸ்டு மீடியா' என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். 'குப்பை' என்றார் பக்கத்து வீட்டுச் சண்முகம் சார்.

சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மகளைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். சுத்த சைவக் குடும்பம். "நாங்களும் அசைவத்தைத் தொட்டு ரொம்ப வருஷமாச்சுங்க" என்று சார் கூசாமல் சொல்லி வைத்திருந்தார். கேசரி பரிமாறும் நேரத்தில் காற்று திசை மாறியது. மாப்பிள்ளையின் அப்பா மூக்கைச் சுளித்தார்.

"ஏதோ வாசனை அடிக்குதே?"

"ஊதுபத்திங்க. புது மாதிரி."

மொட்டைமாடிச் சுவருக்கு மேலிருந்து மதாமின் தலை எட்டிப் பார்த்தது.

"அது சங்கரா மீன் செதிலு முசியே! காலைலதான் தேங்காய்த்திட்டு ஹார்பர்லேர்ந்து அள்ளியாந்தேன். படத்துல ஒட்டுனா வெள்ளி மாதிரி மின்னும். காய்ஞ்சா வாசனை போயிடும், பயப்படாதீங்க!" தலை மறைந்து, மறுபடி தோன்றியது. "பொண்ணு தங்கமான பொண்ணு. போன வாரம்கூட எனக்கு மீன் கொழம்பு குடுத்துச்சு. ஒறப்புன்னா அப்டி ஒறப்பு!"

சார் கேசரிக் கிண்ணத்தோடு அடுக்களைக்குள் ஓடியதை, அங்கே போயிருந்த நானே பார்த்தேன். ஆனால் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அந்தக் குழம்பின்மேல்தான் மனசு போயிருக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. அப்படியும் சார் மதாமை மன்னிக்கவில்லை. சரஸ்வதி பூசையன்று தெருவைக் கூட்டி நியாயம் கேட்டார்.

"புஸ்தகம் கால்ல பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஜனம் நாம. இந்தம்மா கத்திரியால கண்டம் பண்றாங்க. இது பாவம் இல்லியா?"

மதாம் நிதானமாக, "முசியே, நான் ஒண்ணும் யார் வூட்லயும் பூந்து எடுக்கலியே. கடைல எடைக்கிப் போட்டது யாரு? வாங்கலைன்னா அதுல பக்கோடா மடிச்சிருப்பான். எண்ணெக் கறையவிட என் சாயம் கேவலமா?" என்றார்.

சார் சுண்டல் எடுக்கப் போனார்.

இனி என் கதைக்கு வரவேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். தலைப்பைச் சொல்ல மாட்டேன், பட்டது போதும். சொந்தச் செலவில் அச்சடித்தது. பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்தபடி நான். விற்காது என்று தெரிந்ததும் வேண்டியவர்களுக்கெல்லாம் பச்சை மசியில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். படித்ததாக எல்லோரும் சொன்னார்கள். அலுவலக நண்பன் தேவராஜ் கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டதாகவே சொன்னான். சண்முகம் சார், "பூசை அறையில வெச்சிருக்கேன் தம்பி" என்றார்.

சென்ற ஆண்டு கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் மதாமின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். தெருவையே அழைத்திருந்தார். "முசியே, ஒங்களுக்கு ஒரு சுர்ப்ரீஸ் இருக்கு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தேவராஜ் முதல் மச்சான் வரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல். உடல் முழுக்க மீன் செதில், உண்மையாகவே வெள்ளி போல மின்னியது. வலையில் கோத்த சிப்பிகள் அலையாகியிருந்தன. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அண்ணாந்து பாயைப் பார்த்தேன். பச்சை மசி.

என் கையெழுத்து. பாய் முழுக்க என் கையெழுத்து. என் நாவலின் முதல் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்திருந்தார். 'என் எழுத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், அருமை நண்பர் தேவராஜுக்கு.' அதற்கு மேலே, 'என் எழுத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், மதிப்புக்குரிய சண்முகம் சாருக்கு.' காற்றில் பாய் லேசாகப் புடைத்தது. ஒரே மனிதர், ஒரே மனிதர், ஒரே மனிதர்.

அந்த ஒரே மனிதர்கள் அத்தனை பேரும் என் பின்னாலேயே கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

தேவராஜ் தொண்டையைச் செருமினான். "வீடு மாத்தும்போது எப்டியோ கலந்துருக்கும்டா." சண்முகம் சார் கப்பலின் அடிப்பாகத்தை ரொம்பக் கவனமாக ஆராய்ந்தார். அவர்கள் என்னைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள், நான் அவர்களைப் பார்க்க முடியாமல் தவித்தேன். யார் அதிகம் கூனிக்குறுகினோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

கலாவின் குரல் மட்டும் கணீரென்று வந்தது. "எனக்கும் இதையேதானே எழுதிக் குடுத்தீங்க? நான் ஒருத்திதான்னு நெனச்சு எவ்ளோ சந்தோஷப்பட்டேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் மதாம் வந்துவிட்டார். "ஒங்களோடது அதோ உச்சிலதான் இருக்கு கலா. நாவப்பழக் கறையோட அன்னிக்கி நீங்களே குடுத்தீங்களே, பரண் சுத்தம் பண்ணும்போது. அந்தக் கறைதான் சூரியன்!"

நானும் கலாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றோம்.

ஒரு வெளிநாட்டுப் பெண் மதாமிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மதாம் என் பக்கம் திரும்பினார். "அலோர் முசியே, இதுல என்னா எழுதிருக்கீங்கன்னு கேக்கறாங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, நான் பிரெஞ்சுல சொல்றேன்."

"நீங்களே படிங்களேன் மதாம்" என்று முனகினேன்.

"கண்ணாடி வூட்ல இருக்கு."

"மூக்கு மேலதானே மதாம் இருக்கு" என்றாள் கலா. கேலிக்காகச் சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

மதாம் கையை உயர்த்திக் கண்ணாடியைத் தொட்டார். பிறகு கை மெல்ல இறங்கிக் கழுத்துக் கத்திரியைப் பிடித்துக்கொண்டது. சைவச் சம்பந்தி முன்னாலும் தெருச் சபை முன்னாலும் அசையாத அந்த முகம் சிவந்து, அப்படியே குனிந்தது.

"எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா" என்றார். "பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல போட்டாங்க. அப்பறம் வெளியூரு. பேசத்தான் வரும். இந்தத் தெருவுல எல்லாரும் படிச்சவங்க... நான் எப்டி சொல்றது?"

புத்தகங்களை ஏன் நக்கிப் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மளிகைச் சீட்டிலிருந்து மின்சார நோட்டீஸ் வரை கலாவிடம் கொண்டுவந்து, "கண்ணாடி மேல இருக்கு, என்னான்னு பாரும்மா" என்று நீட்டியதும் புரிந்தது. பாயில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. என் படம் போட்ட புத்தகங்கள் கடையில் கிடக்கக் கண்டு, பச்சை மசியின் வளைவுகள் பிடித்துப்போய், என்னைப் பெருமைப்படுத்த உச்சியில் ஏற்றியிருக்கிறார்.

அந்தக் குனிந்த முகத்தை ஊர் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கப்பலுக்கு முன்னால் போய் நின்றேன். கூடம் முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"என் எழுத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், தேவராஜுக்கு! என் எழுத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், சண்முகம் சாருக்கு! என் எழுத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், என் மச்சானுக்கு!"

முதலில் யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. என் காதுகள் நெருப்பாய் எரிந்தன. ஆனாலும் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். நான் உச்சியை எட்டும்போது சண்முகம் சார் கையைத் தூக்கினார்.

"அந்த ரெண்டாவது என்னோடது. எடைக்கிப் போட்டதும் நான்தான்" என்றார் பள்ளிக்கூடத்துக் குரலில். "பாவம் அது இதுன்னு பேசினதும் நான்தான்."

மதாம் தலை நிமிர்ந்தார். என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே வரியா முசியே? வேற வார்த்தையே கெடைக்கலியா?"

அதற்குமேல் அவரும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் மாலை மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "முசியே, அந்தப் புஸ்தகத்துக்குள்ள என்னாதான் இருக்கு?" அன்று முதல் அவர் வெட்டிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் நாவலைப் படித்தேன். சலுகையே கிடையாது. "அந்தப் பொண்ணு ஏன் இத்தினி பக்கம் மழைல நின்னு அழுவுது? வூட்டுக்குள்ள போவச் சொல்லுங்க" என்பார். அலுத்துப்போனால் கத்திரியைக் காற்றில் சடக்கென்று மூடுவார். நான் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவித் தாவி நாவல் ஒரு சிறுகதையாகச் சுருங்கியது. உள்ளதைச் சொன்னால், அது பரவாயில்லாமல் இருந்தது.

இந்தக் கோடையில் பிரான்சில் இருக்கும் மகள் வந்து மதாமை அழைத்துப்போனாள். கப்பலை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் பாயைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் காப்பி எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விடுகிறேன்.

மழைக்கு முன்னால் வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். நேற்று மாடிக்குப் போய் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.