தளபதியின் தொண்டை

செத்த பிறகும் பதவியில் நீடித்தவர், உலக வரலாற்றிலேயே அந்தக் கடற்கரைக் கோட்டையின் தளபதி ஒருவர்தான். கொத்தளச் சுவரின் ஓட்டையில் காதை வைத்தால் "ம்ம்ம்..." என்று உறுமுவார். அப்படியொரு தளபதி வாழ்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. அதனால் என்ன, பக்தர்கள் இருந்தார்கள்.

கோட்டையைச் சுற்றிக் காட்டிப் பிழைத்த வழிகாட்டி, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாக்குரைப்பவர் ஆனார். உறுமல் ஒரு நொடி. அவர் விளக்கம் கால் மணி நேரம். காணிக்கை வைத்தால் சுவர்க் காரையைச் சுரண்டி ஒரு சிட்டிகை தருவார். மூட்டுவலிக்கு மருந்தாம். சுவருக்குத்தான் மூட்டு கழன்றுகொண்டிருந்தது.

கோட்டையைப் பழுதுபார்க்க வந்த பெண் பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்தாள். மழைக்குள் ஓட்டையை அடைக்காவிட்டால், கொத்தளம் கீழே உள்ள வீடுகள்மேல் சரியும். மேலதிகாரியிடம் ஓடினாள்.

"அடைச்சா தளபதிக்கு மூச்சு முட்டாதாம்மா?"

"சார், அவர் செத்து முந்நூறு வருஷமாச்சு!"

"அதான் பயமா இருக்கு. எனக்குப் பதவி உயர்வு உண்டான்னு கேட்டேன், 'ம்ம்'னு சொல்லியிருக்கார். கெடுத்துடாத."

அவள் கவனித்துப் பார்த்தாள். கடல் ஏறியிருந்தால் வாக்கு. இறங்கிவிட்டால் தளபதிக்கு ஓய்வு. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தாள். ஓட்டையின் மறுமுனை, அலை மோதும் பழைய வடிகால்.

மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரியும் வரிசையில் நின்றார்.

"அண்ணே, நான் சொன்னா தளபதி வாயை மூடிப்பார், பாக்கறீங்களா?" என்று வாக்குரைப்பவரிடம் கேட்டாள்.

"கடலே அடங்கினாலும் அவர் அடங்கமாட்டார், தங்கச்சி!"

மதில்மேல் ஏறி அவள் கைக்குட்டையை ஆட்டினாள். தளபதி கப்சிப். மறுபடி ஆட்டினாள். "ம்ம்ம்..."

"இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்றார் வாக்குரைப்பவர்.

எல்லோரையும் வெளியே அழைத்துப் போனாள். வடிகாலருகே கொத்தனார் ஈரச் சாக்குடன் நின்றார். அவர் சாக்கைச் சொருகினால் அது வெறும் சுவர், உருவினால் தளபதி. நம்பாதவர்கள் தாங்களே சொருகிப் பார்த்தார்கள்.

"அப்போ என் பொண்ணுக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னது யாருய்யா?" என்று ஒரு தாய் அலறினாள்.

"அலைதாம்மா," என்றார் கொத்தனார்.

திரும்பிப் பார்த்தால் அங்கி மட்டும் கிடந்தது; ஆளைக் காணோம். ஓட்டையை அடைக்கும் உத்தரவில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

சுவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டவர்களில் ஒருவருக்காவது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காதை வைத்தது போதும் ஐயா. இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதையும் கொஞ்சம் உபயோகியுங்கள்.

ஓட்டை அன்றே அடைக்கப்பட்டது. கொத்தளம் நிற்கிறது. தளபதியையே அடக்கிய சாக்கு என்று, அதை மேலதிகாரி தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.