ரூட் வீட்டுக்காரங்களுக்குப் போன பத்திரிகை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் பேக்கப் டேப்புக்குள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு பாத்து பாஸ்கிட்ட சொல்லணும்.

பாத்துச் சொல்லணும், அவ்வளவுதான். எதையும் செய்யச் சொல்லலை.

தொண்ணூறுகளோட ஆரம்பம் அது. கிள்ளான்ல ஒரு லோரி கம்பெனியில வேலை, சேந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மாடி ரூம்ல ஆறு மாசம் சாயங்கால வகுப்புல கம்ப்யூட்டர் படிச்சவன்ங்கிற ஒரே தகுதியில, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நான்தான் டாக்டர். ஃபேன் ஓடலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. நானும் பந்தாவா ஸ்க்ரூடிரைவர எடுத்துக்கிட்டுப் போவேன். அதுக்கப்புறமும் ஃபேன் ஓடாது.

பாஸோட ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருந்தாங்க. யார் யாரைக் கூப்பிடணும்னு பாஸும் அவர் சம்சாரமும் சொல்லச் சொல்ல, ஆபீஸ் கிளார்க் சரோஜா அக்கா ரெண்டு மாசமா உக்காந்து நானூறு பேரு, அட்ரஸோட கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிருந்தாங்க. அடிச்சு முடிச்சதும், இனிமே எதுக்குக் குப்பைன்னு பாஸ் எழுதி வச்ச துண்டுச் சீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு.

அடுத்த வாரமே கம்ப்யூட்டரோட டிஸ்க் மண்டையப் போட்டுடுச்சு. ரிப்பேர்காரன் புது டிஸ்க் மாட்டிட்டுப் போயிட்டான். மிச்சம் இருந்தது, பழைய டிஸ்க்ல இருந்ததை முன்னாடியே காப்பி எடுத்து வச்சிருந்த அந்த ஒரு டேப்தான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு நினைக்காதீங்க. மூத்த பொண்ணு கல்யாணத்துல சுங்கை பூலோவுல இருக்கிற ஒரு மாமாவுக்குப் பத்திரிகை விட்டுப் போச்சு. அந்த மனுஷன் ஆறு வருஷமா பாஸ் வீட்டு வாசப்படி மிதிக்கலை. இன்னொரு மாமாவ உருவாக்கிடக் கூடாதுன்னு பாஸ் சம்சாரம் சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க. அந்த லிஸ்ட் டேப்ல இருந்தா எல்லாம் சுபம். இல்லைன்னா நானூறு பேரையும் ஞாபகத்துல இருந்துதான் எடுக்கணும். எத்தனை மாமா கோவிச்சுக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

சரி, டேப்பைப் போட்டேன். 'டார்'னு ஒரு கமாண்ட். அதோட 'டி'ன்னு ஒரு எழுத்தைச் சேத்தா, டேப்ல இருக்கிற ஃபைல் பேரெல்லாம் வரிசையா காட்டும். ஆனா 'டி'க்குப் பதிலா 'சி' போட்டீங்க, டேப்பையே அழிச்சுட்டுப் புதுசா எழுத ஆரம்பிச்சிடும். நானூறு பேரும் காலி.

அதனால அந்த ஒரு எழுத்தைப் போடுறதுக்கு எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சுது. போட்டேன். அழிச்சேன். மறுபடி போட்டேன். ஸ்க்ரீன்கிட்ட மூக்கை வச்சுப் பாத்தேன். 'டி'தான். நோட்டுல எழுதி வச்சதோட ஒப்பிட்டுப் பாத்தேன். அதுலயும் 'டி'தான். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டினேன்.

கண்ணைத் தொறந்தா, ஃபைல் பேரெல்லாம் மடமடன்னு மேல ஓடிக்கிட்டு இருக்கு. ஓடுற பஸ்ல இருந்து கடை போர்டு படிக்கிற மாதிரி. ஒரு பேரும் கண்ணுல நிக்கலை.

சரி, பிரிண்டர்ல அடிச்சு, காப்பி குடிச்சுக்கிட்டே நிதானமாப் படிப்போம்னு முடிவு பண்ணேன். என் வாழ்க்கையில நான் எடுத்த நிதானமான முடிவெல்லாம் இப்படித்தான் முடிஞ்சிருக்கு.

பிரிண்டர் சரோஜா அக்கா ரூம்ல, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. கமாண்டைத் தட்டினேன். அங்கிருந்து கர்ர் கர்ர்னு சத்தம் வந்துச்சு. அடடா, வேலை தெரிஞ்சவன்டா நீன்னு என்னையே மெச்சிக்கிட்டேன். அடிச்சு முடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். எந்திரிச்சுப் போய் அந்தப் பிரிண்டர்ல என்ன பேப்பர் மாட்டியிருக்குன்னு பாக்கத் தோணலை. எந்திரிச்சது எந்திரிச்சேன், நேரா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தா பிரிண்டர் அமைதியா இருக்கு. அடிச்ச பேப்பரக் காணோம்.

சரோஜா அக்கா அப்பத்தான் வெளிய போயிட்டு உள்ள வந்தாங்க. வந்ததும் வராததுமா, லேபல் எல்லாம் அழகா வந்துச்சான்னு கேட்டாங்க.

"எந்த லேபல் அக்கா?"

"கல்யாண லேபல்தான் லா. பாஸ் அவசரப்படுறாருன்னு நேத்தே பிரிண்டர்ல மாட்டி வச்சேனே. காலையில தம்பி டேப்ல இருந்து லிஸ்ட்டை எடுத்து அடிச்சிடுவாரு, பிரிண்டர் நின்னதும் கிழிச்சு எடுத்துக்கிட்டுப் பாஸ் வீட்டுக்குப் போயிடுங்கன்னு மணியம் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

மணியம் அண்ணன் எங்க டிரைவர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யிற ஆளு. அன்னைக்குன்னு பாத்து சீக்கிரமாவே செஞ்சுட்டாரு.

கவர் மேல ஒட்டுற ஸ்டிக்கர் லேபல் அது. ஒரு லேபல்ல ஆறு வரி அடிக்கலாம். நான் அனுப்பினது ஃபைல் லிஸ்ட், வரிக்கு ஒரு ஃபைல். அப்போ ஒவ்வொரு லேபல்லயும் ஆறு ஃபைல் பேரு. பேரு, வீட்டு நம்பர், தெருவுக்கு ஜாலான், குடியிருப்புக்குத் தாமான், போஸ்ட்கோட், ஊருன்னு ஆறு வரியில வர்ற அட்ரஸ் மாதிரியே இருந்திருக்கும்!

பாஸ் வீட்டுக்குப் போன் அடிச்சேன். எங்கேஜ்டு. கல்யாண வீட்டுப் போன் வேற எப்படி இருக்கும்? பாஸோ ஷா ஆலம்ல ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தாரு. மோட்டார்சைக்கிளை எடுத்தேன். பாஸ் வீடு இருக்கிற பண்டமாரானுக்குப் போற ரோட்டுல துறைமுகத்துக்குப் போற லோரியெல்லாம் வரிசை கட்டி நிக்குது. அதுல பாதி எங்க கம்பெனி லோரி. ஓட்டுறவங்க ஆளாளுக்குக் கை காட்டி நலம் விசாரிக்கிறாங்க.

பாஸ் வீட்டு ஹால்ல ஏழெட்டுப் பெண்கள் பாய் விரிச்சு வட்டமா உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் பத்திரிகையை மடிச்சு கவர்ல போட, ஒருத்தர் லேபல் ஒட்ட, ஒருத்தர் ஸ்டாம்ப் ஒட்ட, கடைசியில பாஸ் சம்சாரத்தோட அக்கா கவரோட நாலு மூலையிலயும் மஞ்சள் வைக்கிறாங்க. அவங்களை எல்லாரும் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அங்க அவங்க வச்சதுதான் சட்டம். தமிழ் மட்டும்தான் படிப்பாங்க.

என்னைப் பாத்ததும் பெரியம்மா முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க தம்பி, எம்புட்டு நேரா, வரிசையா அடிச்சிருக்கீங்க! கையால எழுதினா இப்படி வருமா?"

காப்பி குடுத்தாங்க. முறுக்கு குடுத்தாங்க. விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன், சத்தியமா. ஆனா வாய் நிறைய முறுக்கு. முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பாத்தா இன்னொரு முறுக்கு வைக்கிறாங்க.

அப்பத்தான் லேபல் ஒட்டிக்கிட்டு இருந்த பெரியம்மாவோட மருமகளுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. அந்தப் பொண்ணு இங்கிலீஷ் படிக்கும். "அத்தை, இந்த ரூட்டுங்கிறது யாரு? எல்லாக் கவர்லயும் வருதே."

அது வேற ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர்ல சகல அதிகாரமும் இருக்கிற ஆளுக்கு ரூட்னு பேரு. எங்க ஆபீஸ்ல எல்லா ஃபைலும் அந்தப் பேருலதான் இருக்கும். லிஸ்ட் எடுத்தா ஒவ்வொரு வரியிலயும் அந்தப் பேரைப் போடும்.

பெரியம்மா கொஞ்சம்கூட யோசிக்கலை. "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆளுங்களா இருக்கும். அவங்க சொந்தம் பெருசு. நீ ஒட்டு."

இதுக்கு மேல தாங்காதுன்னு முறுக்கைக் கீழ வச்சுட்டு உண்மையைச் சொன்னேன். பாஸ் சம்சாரம் மெதுவாக் கேட்டாங்க, அப்போ மணியம் எடுத்துட்டுப் போனது?

"மணியம் அண்ணன் எதை எடுத்துட்டுப் போனாரு?"

"ஒட்டி முடிச்ச அறுபது கவர். போஸ்ட் ஆபீஸுக்கு."

மறுபடியும் மோட்டார்சைக்கிள். போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்ல ஒரு மலாய்க்கார அக்கா இருந்தாங்க. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மூட்டைக்குள்ள போட்டாச்சு, போட்டதை வெளிய எடுக்கிற வழக்கம் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, மேலாப்புல கிடந்த ஒரு கவரை மட்டும் எடுத்துப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. இது என்ன அட்ரஸ்னு மலாய்ல கேட்டாங்க. கம்ப்யூட்டர் அட்ரஸ்னேன். அவங்க கவரைத் திருப்பி, பின்னாடி இருந்த பாஸ் வீட்டு அட்ரஸைக் காட்டி, கவலைப்படாம வீட்டுக்குப் போங்க, இதெல்லாம் தானா உங்க வீட்டுக்கே வந்துடும்னு சிரிச்சாங்க. சொன்ன மாதிரியே அந்த வாரம் முழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

நான் திரும்பிப் போறப்ப பாஸ் வீட்டுக்கு வந்துட்டாரு. நடந்ததெல்லாம் காதுக்குப் போயிடுச்சுன்னு முகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. ஆனா அவர் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"தம்பி, லேபல் கிடக்கட்டும். என் லிஸ்ட் டேப்ல இருக்கா, இல்லையா?"

நியாயமான கேள்வி. காலையில எனக்குக் குடுத்த வேலையே அதுதான். நான் ஹாலைச் சுத்திப் பாத்தேன்.

"அது இந்தக் கவர்ல ஏதாவது ஒண்ணுல எழுதியிருக்கும் பாஸ்."

கல்யாணம்ங்கிற பேருல ஃபைல் இருக்கணும்னு சரோஜா அக்கா சொல்லியிருந்தாங்க. நானும் பாஸும் அந்த மருமகளும் தரையில உக்காந்து ஒவ்வொரு கவரா படிச்சோம். லோரி பெர்மிட் ஃபைல் இருக்கு. டயர் ஃபைல் இருக்கு. எவனோ விளையாடின செஸ் கேம்கூட இருக்கு. கல்யாணத்தைக் காணோம். ஒட்டாம மிச்சம் இருந்த லேபலையும் பாத்தாச்சு. அதுலயும் இல்ல. அந்த அறுபதுல போயிருக்குமோன்னு நினைச்சப்ப, பாஸ் சட்டைப் பட்டனைக் கழட்டி விட்டுக்கிட்டாரு. மனுஷன் கண்ணுல சுங்கை பூலோ மாமா தெரிஞ்சாரு. எனக்கும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

பெரியம்மா மட்டும் நிதானமா, எல்லாக் கவரையும் பாத்துட்டீங்களான்னு கேட்டாங்க. பாத்தாச்சுன்னோம்.

"சாமி ரூம்ல இருக்கிறதைப் பாத்தீங்களா?"

முதல் பத்திரிகை பிள்ளையாருக்குத்தானே. முதல்ல ஒட்டின கவரை அங்க கொண்டு போய் வச்சிருக்காங்க. ஓடிப் போய் எடுத்தோம். மஞ்சள், குங்குமம், மேல ஒரு செம்பருத்தி. பூவை நகர்த்தினா ரெண்டாவது வரியில கல்யாணம் இருந்துச்சு!

பாஸ் அப்படியே விழுந்து கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன். கும்பிட்டுக்கிட்டே ஒரு விஷயம் உறைச்சுது. முதல் லேபல்ல ரெண்டாவது வரின்னா, லிஸ்ட்லயே ரெண்டாவது வரி. காலையில 'டி'யைத் தட்டினப்ப நான் கண்ணை மூடாம இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

ஆபீஸுக்குப் போய் அந்த ஒரு ஃபைலை வெளிய எடுக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. புது கவர் கிடைச்சுது. புது லேபல்தான் கிடைக்கலை. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரு ஆர்டர் போட்டா ரெண்டு வாரம் ஆகும்னுட்டாரு. பாஸ் என்னைப் பாத்தாரு. நான் பேனாவை எடுத்தேன்.

மூணு நாள் அந்தப் பாயில உக்காந்து எழுதினேன். கம்ப்யூட்டர் படிச்சு, கவர்ல அட்ரஸ் எழுதின முதல் ஆளு நானாத்தான் இருக்கணும். பெரியம்மா பக்கத்துலயே உக்காந்து, சுங்கை பூலோ மாமா கவரை மட்டும் ரெண்டு தடவை சரிபாக்கச் சொன்னாங்க. சரோஜா அக்கா பேரு வந்துச்சு. மணியம் அண்ணன் பேரு வந்துச்சு. ஆபீஸ் கூட்டுற அம்மா பேரும் வந்துச்சு. என் பேரு வர்றப்ப கொஞ்சம் அழகா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே எழுதினேன்.

கடைசிப் பேரு வரைக்கும் எழுதிட்டேன். என் பேரு இல்ல.

லிஸ்ட் போட ஆரம்பிச்சப்ப நான் வேலைக்கே சேரலை, அப்புறம் சேக்க மறந்திருப்பாங்கன்னு எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா மனசு கேக்கலை. ரொம்பக் கஷ்டமாப் போச்சு. பாஸ்கிட்ட வாயைத் தொறந்து கேக்கவும் வெக்கம். வீட்டுல என் சம்சாரம் வேற, நம்மளக் கூப்பிடுவாங்கதானேன்னு தினமும் கேட்டுக்கிட்டே இருந்தா.

ஒரு கவர் மிச்சம் இருந்துச்சு. யாரும் பாக்காத நேரமாப் பாத்து, என் பேரை நானே எழுதினேன். மஞ்சள் வச்சேன். ஸ்டாம்ப் ஒட்டி நானே போஸ்ட் பண்ணேன்.

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்குப் பத்திரிகை வந்துச்சு. என் சம்சாரம் அதை ரெண்டு கையாலயும் வாங்கிப் பாத்து, உங்க பாஸுக்கு உங்க மேல மரியாதை இருக்கத்தான் செய்யுதுன்னு பூரிச்சுப் போனா. அப்புறம் கவரைத் திருப்பி அட்ரஸைப் பாத்தா.

"எழுதின ஆளுக்குத்தான் கையெழுத்து சகிக்கலை."